வைஃபை உங்கள் வீட்டில், பாஸ்வேர்டு யார் கையில்?

வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் இன்டர்நெட், வைஃபை, சிசிடிவி அமைத்துக் கொடுப்பதும், பழுது என்றால் போய்ப் பார்ப்பதும் என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது ரவுட்டரின் பாஸ்வேர்டைத்தான். உடனே வைஃபை பாஸ்வேர்டைச் சொல்வார்கள். அது இல்லை, ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறக்கிற பாஸ்வேர்டு என்றால், "அதெல்லாம் கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையனுக்குத்தான் தெரியும் தம்பி" என்பார்கள். கேமராவைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில். மாட்டியவர்தான் ஏதோ போட்டார், அவருக்குத்தான் தெரியும்.

ஆன்டிவைரஸ் வாங்கட்டுமா, விபிஎன் போடட்டுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், வீட்டு நெட்வொர்க்கில் வரும் ஆபத்துகளில் பெரும்பகுதி அங்கே இல்லை. வேறு யாரோ வைத்துவிட்டுப் போன, ஊருக்கே பொதுவான பாஸ்வேர்டுகளில்தான் இருக்கிறது. வீட்டில் அப்படி மூன்று உண்டு: வைஃபைக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று.

முதலில் வைஃபை. நம் ஊரில் இணைப்பு கொடுக்க வருபவர் வீட்டுக்காரரின் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போவது ரொம்ப சகஜம். மறக்காது, சொல்வதற்கும் எளிது. ஆனால் அந்த எண் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் அது கடினம் இல்லை. இந்திய செல்போன் எண் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும், மொத்தம் பத்து இலக்கம். ஆக, இருக்கக்கூடிய எண்கள் 400 கோடி. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் உங்கள் போன் வைஃபையில் சேரும் அந்த ஒரு கணத்தில் நடக்கும் பரிமாற்றத்தை வாசலுக்கு வெளியே இருந்தே ஒருவர் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்ப்பார். அப்படிப்பட்ட கார்டு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பார்த்துவிடும். கணக்குப் போட்டால் 400 கோடிக்கும் ஒரு மணி நேரச் சொச்சம்தான். இது நடக்கும்போது உங்கள் ரவுட்டருக்கு எதுவுமே தெரியாது.

இதற்கு மாற்று எளிது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். தாழ்ப்பாள், முருங்கை, நெத்திலி, சாயங்காலம் என்கிற மாதிரி (இதையே எடுத்துக்கொள்ள வேண்டாம்). இருபது எழுத்துக்கு மேல் போய்விடும், வீட்டில் எல்லோருக்கும் நினைவிலும் நிற்கும். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்னபடி பதிவு செய்துகொண்டு போய் நிதானமாகப் பொருத்திப் பார்க்கும் வேலை அதில் நடக்காது. பழைய போன் ஏதாவது இணையவில்லை என்றால், இரண்டும் சேர்ந்த முறை இருக்கும், அதை வையுங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் டேட்டா எடுத்தால் என்ன, எடுக்கட்டுமே" என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது போன வழியைத் தேடிய போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் இணைப்பில் இருந்து எது போனாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அடுத்தது ரவுட்டர். இதைத்தான் யாரும் தொடுவதே இல்லை. வைஃபையில் இருந்துகொண்டு பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் உள்ளே நுழையும் பக்கம் வரும். சரியான முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று திறந்துவிட்டால், இன்று செய்ய வேண்டிய முதல் வேலை அதை மாற்றுவதுதான். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள், குறிப்பாகக் கர்நாடகத்தில், ஆயிரக்கணக்கில் செயலிழந்து போனது நினைவிருக்கலாம். இந்த அட்மின்-அட்மின் ஜோடியை மாற்றாமல் விட்ட மோடம்களைத்தான் மால்வேர் ஒன்று, அதாவது கெடுதல் செய்யவே எழுதிய மென்பொருள், தேடிப் பிடித்தது.

மோடம் செத்துப்போனால் தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலை. செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்று ஒரு வரி இருக்கும். வங்கியின் பெயரை அடித்தால் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று கேட்டுச் சொல்கிற இடம் அது. ரவுட்டருக்குள் நுழைந்தவர் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும். வீட்டில் உள்ள எல்லா போனும் லேப்டாப்பும் அவர் காட்டுகிற இடத்துக்குப் போகும். பிரேசிலில் 2011-ஐ ஒட்டி இப்படி 45 லட்சம் மோடம்களின் டிஎன்எஸ் மாற்றப்பட்டது. கணினியில் எவ்வளவு நல்ல ஆன்டிவைரஸ் இருந்தாலும் ரவுட்டரில் நடந்த மாற்றத்தை அது பெரும்பாலும் கவனிக்காது. உங்கள் ரவுட்டரில் அந்த வரி ஆட்டோமேட்டிக் என்றோ, நீங்களே வைத்த 8.8.8.8, 1.1.1.1 போன்ற தெரிந்த எண்ணாகவோ இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எண் இருந்தால் ரவுட்டரை ரீசெட் செய்து முதலில் இருந்து தொடங்குங்கள். பிரவுசர் "இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல" என்று எச்சரித்தால், தாண்டிப் போகும் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். கடைசித் தடுப்பு அதுதான்.

உள்ளே போன கையோடு இன்னும் சில வேலைகள். ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிடுங்கள், வெளியூரில் இருந்து யாரும் உங்கள் ரவுட்டரைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் சேர்வதற்காக இருக்கும் டபிள்யூபிஎஸ் பின் எண்ணையும் அணையுங்கள். எட்டு இலக்கம் என்றாலும் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முறை முயன்றால் கிடைத்துவிடும் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. ஃபர்ம்வேருக்கு, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்கு, அப்டேட் இருந்தால் போடுங்கள். சில நிறுவனங்கள் கொடுக்கும் ஃபைபர் பெட்டியில் இந்தப் பக்கங்கள் பூட்டியிருக்கும். அப்போது வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து மாற்றச் சொல்லுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால், அந்தப் பெட்டிக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டரை இணைத்து, அதன் வைஃபையை மட்டும் பயன்படுத்துங்கள்.

இப்போது கேமரா. இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

ஒரு வீட்டில் நெட் வேகம் குறைகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ரவுட்டரைத் திறந்து பார்த்தால், கேமரா படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்கு ஒரு போர்ட், அதாவது இணையத்தில் இருந்து உள்ளே வரும் வழி, வெளியே திறந்திருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, என் லேப்டாப்பை அவர்கள் வைஃபையில் இருந்து கழற்றி, என் செல்போன் இணைப்பில் போட்டேன். அவர்கள் ஐபி முகவரியையும் (இணையத்தில் அவர்கள் இணைப்புக்கு உள்ள எண்) போர்ட் எண்ணையும் அடித்ததும் டிவிஆர் பக்கம் வந்தது. அட்மின், 123456. திரையில் நான்கு கட்டங்கள் வந்தன. வாசல், மாடிப்படி, கார் நிற்கும் இடம், நான்காவது அவர்கள் ஹால். ஹாலில் அவருடைய அம்மா காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "இது வெளியே இருந்தா தெரியுது?" என்று கேட்டார்.

இப்படித் திறந்து கிடப்பவற்றைப் பட்டியல் போடுவதற்கென்றே ஷோடன் போன்ற தேடுபொறிகள் உண்டு. உங்களை யாரும் குறிவைக்க வேண்டியதில்லை. 2016-ல் பரவிய மிராய் என்ற மால்வேர், இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்து, கம்பெனியிலேயே வைத்து அனுப்பும் யூசர் நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள் ஏறக்குறைய அறுபதை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. மிராய் மெமரியில் மட்டும்தான் தங்கும். அணைத்துப் போட்டால் போய்விடும், ஆனால் பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும்.

இன்று பல வீட்டு இணைப்புகளுக்குத் தனி ஐபி கிடைப்பதில்லை. அதனால் போர்ட் திறப்பது குறைந்து, கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஆப் வழியாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதில் வேறொரு சிக்கல் இருக்கிறது, வாடிக்கையாளர்களில் அநேகருக்கு இது தெரியாது. மாட்ட வருபவர் அவசரத்தில் தன் போனில், தன் கணக்கிலேயே டிவிஆரைச் சேர்த்துவிட்டு, உங்களுக்கு ஷேர் மட்டும் செய்துவிட்டுப் போவார். உங்கள் போனில் படம் தெரியும், நீங்களும் திருப்தியாகிவிடுவீர்கள். ஆனால் அந்தக் கருவிக்கு உரிமையாளர் அவர்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போன் தொலைந்தால்? வேலையை விட்டுப் போய்விட்டால்? ஆப்பில் உங்கள் கேமராவுக்குப் பக்கத்தில் "ஷேர் செய்யப்பட்டது" என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவரைக் கூப்பிட்டு அவர் கணக்கில் இருந்து நீக்கச் சொல்லி, உங்கள் எண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள். "அண்ணே, எல்லாம் என் பேர்லயே போட்டுக் குடுங்க" என்று மாட்டுகிற அன்றே கேட்பதில் தவறே இல்லை. நேர்மையான தொழில்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படுக்கையறையில் கேமரா வேண்டாம். கைக்குழந்தைக்காக வைத்தே ஆக வேண்டும் என்றால், தேவை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேமரா, ஸ்மார்ட் பல்பு, வருகிற விருந்தாளியின் போன் இவற்றையெல்லாம் ரவுட்டரில் இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் போடுங்கள். உங்கள் லேப்டாப்பும் வங்கி ஆப் உள்ள போனும் முதன்மை வைஃபையில் தனியாக இருக்கட்டும். டிவியை மட்டும் யோசித்துச் செய்யுங்கள், கெஸ்ட்டில் போட்டால் போனில் இருந்து படம் அனுப்புவது வேலை செய்யாமல் போகலாம். வைஃபை பெயரை மறைத்து வைப்பது, மேக் முகவரி வடிகட்டி போடுவது (கருவிகளின் அடையாள எண்ணைப் பார்த்து, குறிப்பிட்டவற்றை மட்டும் அனுமதிப்பது) ஆகிய இரண்டுக்கும் நேரம் செலவழிக்க வேண்டாம். கொஞ்சம் தெரிந்தவருக்கு இரண்டும் தடையே இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை.

இணைப்பை மாற்றும்போதும் வீட்டைக் காலி செய்யும்போதும் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ரீசெட் துளை இருக்கும், விளக்குகள் அணைந்து எரியும் வரை அதை அழுத்திப் பிடியுங்கள். பழைய டிவிஆரை எக்ஸ்சேஞ்சில் போடுவதாக இருந்தால் அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கடைசியாகப் பதிவான நாட்கள் எல்லாம் அதில்தான் இருக்கும்.