வளி மடங்கு: பாட்டிலுக்குள் இருக்கும் ‘வால்யூம்’ எது?

குளிர்பானம் நிரப்பும் ஆலைகளின் பரிசோதனைக் கூடத்தில் ‘கேஸ் வால்யூம்’ என்ற சொல் நாள் முழுவதும் புழங்கும். “இந்த பாட்டில்ல கேஸ் வால்யூம் மூணு புள்ளி எட்டு” என்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு இங்கேதான் குழப்பம் தொடங்கும். 3.8 என்றால் லிட்டரா? மில்லிலிட்டரா? பாட்டில் சின்னதாக இருந்தால் எண் மாறுமா?

மாறாது. அது வெறும் விகிதம். பானத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு முழுவதையும் வெளியே எடுத்து, 0 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால், பானத்தின் அளவைப் போல எத்தனை மடங்கு இடத்தை அடைக்கும் என்பதே அந்த எண். அரை லிட்டர் பாட்டிலில் 4 வால்யூம் என்றால், 2 லிட்டர் வாயு அதற்குள் கரைந்து கிடக்கிறது. எடையில் சுமார் 4 கிராம். கோலா வகைகள் பெரும்பாலும் 3.5 முதல் 4 வரை இருக்கும். பீர் 2.5-ஐ ஒட்டி நிற்கும்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். ‘கேஸ் வால்யூம்’ என்பதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் நல்ல கதை உண்டு. ‘கேஸ்’ 17-ஆம் நூற்றாண்டில் பிறந்த சொல். ஃபான் ஹெல்மான்ட் என்ற அறிஞர், உருவமற்ற குழப்ப நிலையைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உண்டாக்கினார். 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் எங்கே போனது என்று அவர் கேட்டார். கண்ணுக்குத் தெரியாமல் போன அந்தப் பொருளுக்கு வைத்த பெயர்தான் கேஸ். ஆக, அந்தச் சொல் முதன்முதலில் சுட்டிய வாயுக்களில் ஒன்று, இன்று சோடாவில் கொப்பளிக்கும் அதே கரியமில வாயு.

‘வால்யூம்’ லத்தீனிலிருந்து வந்தது. சுருட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்து, முதலில் சுருட்டி வைத்த ஏட்டைக் குறித்தது. பிறகு புத்தகம், அப்புறம் புத்தகத்தின் பருமன், கடைசியில் எந்தப் பொருளும் அடைக்கும் இடம் என்று பொருள் விரிந்துகொண்டே போனது.

பாடநூல் தமிழில் இதற்குக் கன அளவு, பருமன் என்றெல்லாம் சொற்கள் உண்டு. அப்படியானால் கேஸ் வால்யூமை ‘வாயுவின் கன அளவு’ என்று எழுதலாமா? எழுதினால் தவறாகிவிடும். கன அளவு என்றதும் படிப்பவர் லிட்டரைத் தேடுவார். இங்கே அலகே கிடையாது, இத்தனை மடங்கு என்பதுதான் செய்தி. அதனால் ‘வளி மடங்கு’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வளி என்பது காற்றுக்குச் சங்க காலம் தொட்டு வழங்கும் பெயர், வளிமண்டலத்தில் இன்றும் வாழ்கிறது. வாயு என்றாலும் பிழையில்லை. மடங்கு என்பதுதான் உயிரான பகுதி. துணியை மடிப்பதிலிருந்து வந்த சொல் அது. லத்தீன்காரர் சுருட்டியதிலிருந்து அளவுக்குப் பெயர் எடுத்தார், நாம் மடித்ததிலிருந்து எடுத்திருக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

‘கார்பனேஷன்’ என்பதைக் கார்பனேற்றம் என்று எழுதுவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பானத்தில் ஏற்றுவது கார்பனை அல்ல. எஃகில் கார்பனை ஏற்றும் வேறொரு தொழில்முறை இருக்கிறது, அந்தப் பெயரை அதற்கு விட்டுவிடலாம். இங்கே ‘கரியமில வாயு ஏற்றம்’ என்பதே சரி. நீளம்தான், ஆனால் கரி, அமிலம், வாயு என்று பிரித்துப் பார்த்தால், நீரில் கரைந்ததும் ஒரு பங்கு கார்பானிக் அமிலமாவது வரை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இந்த மடங்கை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் சொல் இன்னும் நன்றாகப் பிடிபடும். பாட்டிலைக் கருவியில் நிறுத்தி இறுக்குவார்கள். மேலே உள்ள ஊசி மூடியைத் துளைத்து இறங்கும். முதலில் வால்வைத் திறந்து, பாட்டிலின் கழுத்தில் தேங்கியிருப்பதை உஸ்ஸென்று வெளியேற்றி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் மூடிவிடுவார்கள். அங்கே சாதாரணக் காற்றும் கலந்திருக்கும், அதையும் சேர்த்து அளந்தால் எண் பொய்யாக ஏறிவிடும். அப்புறம் குலுக்கல். கரைந்திருந்த வாயு வெளியேறி மேலே நிரம்ப, முள் ஏறும். இனி எவ்வளவு குலுக்கினாலும் அசையாது என்ற நிலை வரும்வரை விடக்கூடாது. கை வலிக்கிறதென்று பாதியில் நிறுத்தினால் எண் குறைவாக வரும், நல்ல பாட்டில்கூட தோற்றுப்போகும்.

அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு பானத்தின் வெப்பநிலையையும் பார்ப்பார்கள். இரண்டும் கையில் இருந்தால்தான் அட்டவணையில் மடங்கைப் படிக்க முடியும். ‘கேஸ் பிரஷர்’ வேறு, ‘கேஸ் வால்யூம்’ வேறு என்பதற்கு இதுவே சாட்சி. 1803-இல் வில்லியம் ஹென்றி கண்ட விதிப்படி, அழுத்தம் கூடினால் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். 1 வளிமண்டல அழுத்தத்தில் நீர் 0 டிகிரியில் சுமார் 1.7 மடங்கு வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 20 டிகிரியில் 0.9 மடங்குதான். ஆகவே ஒரே பாட்டில், குளிர்ந்திருக்கும்போது முள்ளைக் கொஞ்சமாகவும், வெதுவெதுப்பாக இருக்கும்போது வெகுவாகவும் ஏற்றும். இரண்டு தடவையும் வளி மடங்கு அதே 3.8 தான்.

சில இடங்களில், குறிப்பாக பீர் ஆலைகளில், லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுவார்கள். அது எடைக் கணக்கு, அதை மடங்கு என்று சொல்லக்கூடாது. வளி மடங்கை 2-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த கிராம் வந்துவிடும்.