திருப்புளியைக் கீழே வையுங்கள், அண்ணே

போன மாதம் சிங்கப்பூர் தோபாயோவிலிருந்து ஒரு பெரியவர், ரேடியோ பழுதுபார்க்கும் என்னிடம், பழைய டிரான்சீவர் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் பெட்டி) ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். "தம்பி, கொஞ்ச நாளா பெட்டிக்குக் காது மந்தமா இருந்துச்சு. நானே அலைன்மென்ட் பண்ணேன். எஸ்-மீட்டர் நல்லா ஏறுச்சு. இப்ப ஒண்ணும் சரியா கேக்கலை." அலைன்மென்ட் என்றால் உள்ளிருக்கும் கோர்களைத் திருகி ஃபில்டரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது; எஸ்-மீட்டர் என்பது வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் முள். மூடியைத் திறந்தேன். 10 மீட்டர் அலைவரிசையின் முன்பக்க ஃபில்டரில் மூன்று காயில்கள். நடுவில் இருந்த காயிலின் ஃபெரைட் கோர் (திருகி ஏற்றி இறக்கும் சிறு தண்டு) இரண்டாகப் பிளந்து உள்ளேயே சிக்கிக் கிடந்தது. இந்த வருடம் இப்படி வந்த ஐந்தாவது பெட்டி. அதனால் என் எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்-மீட்டர் உச்சத்துக்குப் போனால் ஃபில்டர் சரியாகிவிட்டது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பெரியவர் 28.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (கணினிவழி அனுப்பும் டிஜிட்டல் தகவல்) சத்தத்தை வைத்துக்கொண்டு மூன்று கோரையும் ஒவ்வொன்றாக முள் ஏறும்வரை திருகியிருக்கிறார். முள் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த ஃபில்டருக்கு 28.074 மட்டும் வேலையில்லை. 28-இலிருந்து 29.7 மெகாஹெர்ட்ஸ்வரை ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளே விடவேண்டும், அதற்கு வெளியே இருப்பதை வாசலிலேயே நிறுத்தவேண்டும். தட்டையான மேசைபோல் இருக்கவேண்டிய வடிவத்தை அவர் ஒரு மூலையில் கூரான குன்றாக்கிவிட்டார். 29.6-இல் எஃப்எம் பேசும் நண்பர்கள் அவருக்குக் காணாமல் போனார்கள். இது போதாதென்று, மூன்று காயில்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் திருகினால் பக்கத்ததன் இடமும் நகரும். ஒரு சுற்று முடித்து மறுபடி முதல் காயிலுக்கு வந்தால் அதற்கு இப்போது வேறு உச்சம். இப்படியே மாற்றி மாற்றித் திருகித்தான் கோர் உடைகிறது.

எஸ்-மீட்டரையும் ரொம்ப நம்பாதீர்கள். அது காட்டுவது ஏஜிசி (ரிசீவரின் கெயினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சுற்று) எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைத்தான். எச்எஃப்-இல் (சிற்றலையில்) எஸ்-9 என்றால் 50 மைக்ரோவோல்ட், ஒரு புள்ளிக்கு 6 டெசிபல் என்பது ஏட்டுக் கணக்கு. பழைய பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஏஜிசி எழுந்துவிடாத அளவுக்கு மெல்லிய சிக்னலை சிக்னல் ஜெனரேட்டர் கருவியிலிருந்து கொடுத்து, ஆடியோ பக்கம் அளப்பதுதான் முறை. கையடக்க விஎன்ஏ (ஃபில்டர் எந்த அலையை எவ்வளவு விடுகிறது என்று அளக்கும் கருவி) இருந்தால் ஃபில்டரின் வடிவத்தையே திரையில் பார்த்துவிடலாம். அதுவும் சர்வீஸ் மேனுவல் பக்கத்தில் இருந்தால்தான்.

காது மந்தமென்றால் அலைன்மென்ட் நழுவிவிட்டது என்று ஏன் முதலில் நினைக்கிறீர்கள்? யாரும் கைவைக்காத கோர் சும்மா இருக்கும்போது அவ்வளவு எளிதில் நழுவாது. முதலில் ஆண்டெனா வயரைக் கழற்றிக் கேளுங்கள், மறுபடி மாட்டிக் கேளுங்கள். மாட்டும்போது எச்எஃப்-இல் இரைச்சல் தெளிவாக ஏறினால் ரிசீவருக்குக் காது போதுமானது. கூட்டிய கெயின் அந்த இரைச்சலைத்தான் கூட்டும். ஏறவில்லையென்றால் கோஆக்ஸுக்குள் (ஆண்டெனா கேபிளுக்குள்) தண்ணீர் போயிருக்கிறதா, அதன் முனையிலுள்ள பிஎல்-259 கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பால்கனிக் கனெக்டர்கள் எத்தனை நாள் தாங்கும்? அப்புறம் ஆண்டெனா ரிலே (ஆண்டெனாவைப் பேசும் பக்கமும் கேட்கும் பக்கமும் மாற்றிவிடும் சுவிட்ச்). அப்புறம் முன்பக்க டயோடுகள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் இடிக்குப் பிறகு என் மேசைக்கு வருபவற்றில் இவை நிறைய. மழை கறுத்தால் வயரைக் கழற்றி வெளியே போடுங்கள், அவ்வளவுதான். புளோக் வீட்டில் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் போடும் இரைச்சலை எந்தக் கோராலும் குறைக்க முடியாது.

கிரிஸ்டல் ஃபில்டர் மூடி முத்திரையிட்ட உலோகப் பெட்டி. அதில் திருக எதுவுமில்லை. தயவுசெய்து அதை நெம்பாதீர்கள்.

தெரிந்தேதான் திருகப்போகிறீர்கள் என்றால் சரி, கேளுங்கள். உலோகத் திருப்புளி கூடவே கூடாது. அது உள்ளே இருக்கும்போது காயிலின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) ஒன்று, வெளியே எடுத்தால் வேறொன்று. அதன் தட்டை நுனி ஃபெரைட்டில் ஆப்பு அடித்ததுபோல் இறங்கும். துவாரத்துக்குச் சரியாகப் பொருந்தும் பிளாஸ்டிக் கருவி வேண்டும். மெழுகு பிடித்திருந்தால் லேசாகச் சூடுகாட்டுங்கள், பலம் காட்டாதீர்கள். பெட்டி அரை மணிநேரம் சூடாகட்டும். தொடங்கும் முன் படம் எடுங்கள், கோர் இருக்கும் இடத்தைக் குறியுங்கள், திருகிய சுற்றுகளை எழுதிவையுங்கள். மைக்கைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை மாட்டுங்கள். தவறி மைக் பொத்தான் அழுந்தி, பெட்டி அனுப்பும் 100 வாட் ஜெனரேட்டருக்குள் போனால் என்ன வாசனை வரும் என்பது எனக்குத் தெரியும். கற்றுக்கொள்ளும் காலத்தில் முதலாளியின் கருவியை அப்படித்தான் எரித்தேன். வால்வு வைத்த எழுபதுகளின் பெட்டி என்றால் உள்ளே 600 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் நிற்கும். தெரியாதவர்கள் மூடியையே திறக்கவேண்டாம்.

பெரியவரின் பெட்டியில் இருந்த உண்மையான கோளாறு ஆண்டெனா ரிலேயின் கருத்த காண்டாக்ட்தான். துடைக்க ஐந்து நிமிடம். உடைந்த கோருக்கு மாற்றுக் கேட்டு சிம் லிம் டவரில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன், கிடைக்கவில்லை. அவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில், "தம்பி, ஆச்சா?" என்கிறார். அதே மாடல் பழுதான பெட்டி யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தால், கோரைத் திருகாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.