பீற்றூட் தோலைக் கொதிக்க வைக்காதீர்கள்

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்க ஹோட்டல் குசினிகளில் சலட்டுக்குச் சீவிய பீற்றூட் தோல் நேரே குப்பை வாளிக்குப் போகிறது. சதையைவிட அந்தத் தோலில்தான் நிறம் செறிவு. ஐஸ்கிறீம் பெட்டியில் 'ஈ 162' (E 162) என்ற உணவுச்சாய எண்ணாக அச்சிட்டிருப்பது இதே சிவப்பைத்தான், பெயர் பீட்டானின். எடுப்பது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம்.

சீவிய அன்றே தொடங்குங்கள். எங்கள் ஊர் வெக்கையில் பின்னேரம் வரை வைத்தால் தோல் கறுத்துப் புளித்துவிடும். மண் போக மூன்று தண்ணீரில் கழுவி, சிறிதாக வெட்டி, 2–3 நிமிடம் ஆவியில் வையுங்கள். நிறத்தைத் தின்னும் நொதிகள் அதில் அடங்கும். பிறகு தட்டில் பரப்பி ஆற்றுங்கள். தண்ணீரில் போட்டால் பாதி நிறம் அங்கேயே இறங்கிவிடும்.

1 கிலோ தோலுக்கு 3 லீற்றர் தண்ணீர். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 4–5 காட்டும்வரை சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். தேசிக்காய்ப் புளியும் சரி. 45–50 பாகை செல்சியஸில் அரை மணி நேரம். கன்னியா வெந்நீர்க் கிணற்றைவிடக் கொஞ்சம் கூடுதலான சூடு, அவ்வளவே. இரட்டைச் சீலையில் வடித்து, சக்கையை இன்னும் 1 லீற்றரில் ஒருமுறை ஊறவைத்து வடியுங்கள்.

"சாறு மண்ணிறமாகிவிட்டது" என்பதுதான் வழமையான முறைப்பாடு. பெரும்பாலும் கொதிக்க விட்டிருப்பார்கள். இல்லையென்றால் இரும்பு, செம்புப் பாத்திரம். அல்லது காரத்தன்மையான கிணற்றுத் தண்ணீர். இரண்டு கிளாஸில் சாறு ஊற்றி, ஒன்றில் தேசிக்காய், மற்றதில் அப்பச்சோடா போட்டுப் பாருங்கள். முதலாவது பளிச்சென்று சிவக்கும். இரண்டாவது ஊதா பாயும், சூடாக்கினால் மஞ்சளித்துப் போகும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் செய்து, கறுத்தப் போத்தலில் கழுத்துவரை நிரப்பிக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். வெளிச்சமும் காற்றும் ஆகாது. சீனிச்சத்து இருப்பதால் ஒரு கிழமைக்குள் முடித்துவிடுவது நல்லது. யோகட், ஜெலி, ஐஸ்கிறீமுக்குப் பொருந்தும். கேக்குக்கு வேண்டாம், போறணைச் சூட்டில் நிறம் நிற்காது. விற்கிற எண்ணமிருந்தால் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

குச்சவெளிச் சின்ன வெங்காயத்தின் சருகு வேறு சாதி. அதிலுள்ள குவர்செற்றின் என்ற மஞ்சள் நிறப்பொருள் கொதியைத் தாங்கும். துணியின் எடைக்குச் சமமான சருகை ஒரு மணி நேரம் அவித்து வடித்தால் துணிச்சாயம் தயார். பருத்தித் துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரிலும், பிறகு 100 கிராம் துணிக்கு 10–15 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரிலும் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தோய்ச்சலில் வெளுத்துவிடும். பீற்றூட்டைக் கெடுத்த அதே இரும்புச் சட்டி இங்கே மஞ்சளை இருண்ட பச்சையாக்கும். சிலர் அதற்காகவே துருப்பிடித்த ஆணி இரண்டு போடுவார்கள்.