கோடை நேரம்: சேமிப்பு எங்கிருந்து வந்தது?

'பகலொளி சேமிப்பு நேரம்' என்பது 'டேலைட் சேவிங் டைம்' என்பதை அப்படியே தமிழாக்கியது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பி வைக்கிறார்களே, அதுதான். அங்குள்ள நம்மவர்கள் 'டைம் மாறிடுச்சு' என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

1895இல் நியூசிலாந்தின் பூச்சியியலாளர் ஜார்ஜ் ஹட்சன், கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்தள்ளலாம் என்றார். வேலை முடிந்தபின் பூச்சி பிடிக்க அவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. 1907இல் இங்கிலாந்தின் வில்லியம் வில்லெட் பகல் வெளிச்சம் வீணாவதைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். வீணாவதைத் தடுப்பது சேமிப்புதானே? மறு ஆண்டே 'சேவிங்' என்ற பெயருடன் அங்கே ஒரு மசோதா வந்தது, ஆனால் நிறைவேறவில்லை. 1916 ஏப்ரல் 30 அன்று இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜெர்மனி வைத்த பெயர் 'கோடை நேரம்'. அடுத்த மாதம் பிரிட்டன் இயற்றிய சட்டத்துக்கும் அதே பெயர்தான். 1918இல் இம்முறையை ஏற்ற அமெரிக்காவில்தான் சேமிப்பு ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'கோடை நேரம்' போதும். மற்ற மாதங்களின் வழக்கமான நேரத்துக்கு (ஸ்டாண்டர்ட் டைம்) 'சீர் நேரம்'. இலங்கை வழக்கில் 'நியம நேரம்'.

இப்போது அமெரிக்காவின் பல மாநிலங்களில் வரும் மசோதாக்களை 'பகலொளி சேமிப்பு ஒழிப்பு' என்று ஒரே பெயரில் எழுதினால் குழப்பம்தான். அவற்றில் நேரெதிரான இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆண்டு முழுக்கச் சீர் நேரம். 1966ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஹவாயும் அரிசோனாவும் அப்படித்தான் இருக்கின்றன. (அரிசோனாவுக்குள்ளேயே நவாஹோ பழங்குடியினர் நிலத்தில் மட்டும் நேரம் மாறும்.) இரண்டாவது, ஆண்டு முழுக்கக் கோடை நேரம். அதாவது கோடை நேரத்தை ஒழிப்பதல்ல, நிரந்தரமாக்குவது! இதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவை. 2018இல் ஃபுளோரிடா இயற்றிய சட்டம் அதற்குத்தான் காத்திருக்கிறது. 2022இல் ஆண்டு முழுக்கக் கோடை நேரத்துக்கு மேலவையான செனட் ஒருமனதாகச் சரி என்றது. கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 1974 ஜனவரியில் நாடு முழுக்க இதைத் தொடங்கிப் பார்த்தார்கள். குளிர்காலக் காலைகளில் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போக நேர்ந்ததில் எதிர்ப்பு கிளம்பி, அந்த ஆண்டே கைவிட்டார்கள்.

ஆகவே முதல் வகையை 'நிரந்தரச் சீர் நேரம்' எனலாம். இரண்டாவதை 'நிரந்தரக் கோடை நேரம்' என்றால் ஜனவரிக்கும் கோடை என்று பெயர் வந்துவிடும். அங்கே மட்டும் 'நிரந்தர முன்தள்ளிய நேரம்' பொருந்தும்.