பிரசவ முதுகுவலிக்குத் தண்ணீர் ஊசி

"மருந்தே இல்லாத வெறும் தண்ணீரை ஊசியாகப் போட்டால் பிரசவ வலி எப்படிக் குறையும்? எல்லாம் மனப்பிரமைதானே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. சந்தேகம் நியாயமானது. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் உடலியல் என்னை மயக்கிவிட்ட ஒன்று.

தெரிந்த கதையை முதலில் முடித்துவிடுவோம். கருப்பை சுருங்கும்போதும் கருப்பை வாய் விரியும்போதும் எழும் வலிச் செய்தி, மெல்லிய நரம்பு இழைகள் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. கீழ்முதுகுத் தோலிலிருந்து வரும் செய்திகளும் ஏறத்தாழ அதே மட்டத்தில்தான் வந்து சேர்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளை குழம்பிப்போகிறது. கருப்பை படும் பாடு, சில பெண்களுக்கு இடுப்பே கழன்றுவிடும் போன்ற முதுகுவலியாகத் தெரிவது இதனால்தான்.

அங்கே ஒருவர் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் இதமாக இருக்கிறது. தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த இழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்பது 1965ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த விளக்கம். வெந்நீர் ஒத்தடம், மசாஜ், மூச்சுப் பயிற்சி, பக்கத்தில் நம்பிக்கையான ஒரு துணை ஆகிய எல்லாவற்றையும் உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. செலவு கிட்டத்தட்ட இல்லை.

தண்ணீர் ஊசி போவது நேர் எதிர் வழியில். அது சுடுகிறது!

முதுகின் அடியில் இருபுறமும் சிறு குழிகள் தெரியும். அங்கே இரண்டு, சற்றுக் கீழே உள்வாங்கி இரண்டு என நான்கு புள்ளிகள். ஒவ்வொன்றிலும் தோலுக்குள்ளேயே 0.1 மில்லி அளவு கிருமிநீக்கிய நீர். சிறு கொப்புளம் எழும்பும். குளவி கொட்டியதுபோல் அரை நிமிடம் எரியும். அதனால் இரண்டு நர்ஸுகள் ஒரே நேரத்தில், கருப்பை சுருங்கும் வேளை பார்த்துப் போடுவதுண்டு. சில நிமிடங்களில் முதுகுவலி அடங்குகிறது; இரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம்.

ஏன் எரிகிறது? சுத்த நீரில் உப்பு இல்லை. சுற்றியுள்ள திசுவோ உப்புக் கரைசலில் ஊறியது. ஆகவே நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்ய, நரம்பு முனைகள் அலறுகின்றன. அந்த அலறல்தான் மருந்து. திடீரென ஒரு கூர்மையான வலி வந்தால், மூளைத்தண்டு தண்டுவடத்துக்குக் கீழ்நோக்கி ஒரு தடை உத்தரவை அனுப்புகிறது; உடலின் வேறிடங்களிலிருந்து வரும் வலியைக் கடத்தும் செல்கள் அடங்கிப்போகின்றன. பிரெஞ்சு ஆய்வாளர் டேனியல் லெ பார்ஸ் குழு 1979ல் எலிகளில் இதைக் காட்டியது. வலியை வலியே அடக்குகிறது. தண்ணீர் ஊசிக்கு இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இதுவே.

இனி மனப்பிரமைக்கு வருவோம். ஆஸ்திரேலியா, பிரிட்டன் மருத்துவமனைகளில் 1,800க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்குத் தண்ணீரும், மறுபாதிக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான போலி ஊசியாக உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். 2020ல் வெளியான முடிவில், வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தவர்கள் தண்ணீர்க் குழுவில் ஏறத்தாழ இரு மடங்கு. அறுவைச் சிகிச்சைப் பிரசவங்கள் மட்டும் குறையவில்லை.

இவ்வளவு மலிவான முறையைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு எரிச்சல்தான். தண்ணீருக்குக் காப்புரிமை கிடையாது; விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனிக்கும் ஆர்வமில்லை. பொதுப் பணம் வந்தால்தான் இப்படிப்பட்ட ஆய்வு நடக்கும். போதாக்குறைக்கு, வலியைத் தாங்கினால்தான் தாய் என்று உபதேசிப்பவர்கள் வேறு.

ஒன்று: வயிற்றின் முன்பக்க வலிக்கு இது உதவாது. முதுகுவலிக்கென்றே கேட்க வேண்டும். கிருமிநீக்கிய நீரும் பயிற்சி பெற்ற கையும் இல்லாத இடத்தில் முயலவே கூடாது.