இருநூறு பேர் குரூப்ல ஒரு டவுட் கூட வரல

ஆன்லைன்ல பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் சொல்லிக் குடுக்குறதுதான் என் வேலை. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்ருவோம், இருநூறு பேர், முதல் நாள் பூரா ஹாய் ஹாய்னு வரும், ரெண்டாவது வாரத்துல குட் மார்னிங் படமும் நான் போடுற கிளாஸ் லிங்க்கும் மட்டும்தான் மிச்சம்.

ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்குத் தனி மெசேஜ், "சார், இன்டென்டேஷன் எரர் வருது, குரூப்ல கேக்க கூச்சமா இருக்கு". கால் மணி நேரத்துல இன்னும் ரெண்டு பேர், அதே எரர். பாத்தா என் பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணதுல ஃபார் லூப்புக்குக் கீழ வரி ஆரம்பத்துல இருந்த ஸ்பேஸ் எல்லாம் காணாமப் போயிருக்கு, அது இல்லன்னா பைத்தான் கோடு ஓடாது. தப்பு என்னோடது, ஆனா மூணு பேரும் தனக்கு மட்டும்தான் மண்டைல ஏறலன்னு நினைச்சுக்கிட்டு முழிச்சிருக்காங்க.

எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் தளத்துல நடத்துன கோர்ஸ்கள்ல 2017-18ல சேந்தவங்கள்ல முடிச்சவங்க 3.13 சதவீதம்தான், காசு கட்டி சர்டிஃபிகேட்டுக்குப் படிச்சவங்கள்லயே 46தான். நம்ம காலேஜ் பசங்க என்பிடெல் கோர்ஸ (ஐஐடிங்க நடத்துற ஆன்லைன் கோர்ஸ்) எப்படி முடிக்கிறாங்கன்னு பாருங்க, டெட்லைன் அன்னிக்கு ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல நாலு லேப்டாப் (காப்பியும் நடக்கும், இல்லங்கல). வேலைக்குப் போயிட்டு வந்து தனியா படிக்கிறவங்களுக்கு அந்த ரூம் இல்ல.

அதனால இப்ப அஞ்சஞ்சு பேரா பிரிச்சிடுறேன், மார்க்க வெச்சு இல்ல, நேரத்த வெச்சு. நைட் ஷிஃப்ட்காரங்க ஒண்ணா, குழந்தைய தூங்க வெச்சுட்டு உக்கார்ற அம்மாங்க ஒண்ணா. ஞாயித்துக்கிழமை இருபது நிமிஷம் மீட்ல ஸ்க்ரீன் ஷேர், ஒருத்தர் கோட காட்டணும், ஓடலன்னாலும் பரவால்ல, ஓடாத கோடுதான் நல்லா பேச வைக்குது.

இன்னொண்ணு, இத யாரும் பேசுறதில்ல. வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். முன்னாடி ஒரு பேட்ச்ல ரெண்டு பொண்ணுங்க சத்தமில்லாம வெளிய போயிட்டாங்க, விசாரிச்சா தெரியாதவங்க கிட்ட இருந்து தனியா "ஹாய்", "சாப்டீங்களா". அப்புறம்தான் டெலிகிராமுக்கு மாறி, நம்பர மறைக்கிற செட்டிங்க முதல் கிளாஸ்லயே போட வெக்கிறேன்.

எனக்குக் கஷ்டமா இருக்குறது, டவுட் வந்ததும் பாஞ்சு பதில் போடாம இருக்குறதுதான். அரை மணி நேரம் கையக் கட்டிக்கிட்டு இருப்பேன். போன வாரம் ஒரு டீம்ல ஒருத்தர் தப்பா ஒரு பதில் சொன்னாரு, நான் டைப் பண்ண ஆரம்பிச்சு அழிச்சுட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு, இதுவரைக்கும் வாயே தொறக்காத ஒரு அக்கா ஸ்க்ரீன்ஷாட்டோட வந்து, "தம்பி, அங்க ரேஞ்ச் அஞ்சுன்னா சீரோல ஆரம்பிச்சு நாலு வரைக்கும்தான் போகும்"னு போட்டாங்க.