பி.எஸ் 6 பிக்கப்பில் பயோடீசல்: ஆயில் அளவு ஏன் ஏறுகிறது?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் பிக்கப்பில் பயோடீசல் (தாவர எண்ணெயிலிருந்து செய்யும் எரிபொருள்) ஊற்றத் தொடங்கினால், வாரம் ஒருமுறை ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். நல்ல இன்ஜினில் ஆயில் அப்படியே நிற்கும், அல்லது மெல்லக் குறையும். பயோடீசல் அதிகம் குடித்த பி.எஸ் 6 (வாகனப் புகை விதி) இன்ஜினில் ஆயில் ஏறும். ஏறியது ஆயில் கிடையாது. எரியாமல் சம்ப்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) வடிந்த எரிபொருள்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ் 6 விதி வந்தது. அதன்பின் பெரும்பாலான டீசல் பிக்கப்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்க வேண்டும். அந்தச் சூட்டுக்காக, சிலிண்டரில் எரிப்பு முடிந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்ஜெக்டர் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அது ஆவியாகி வெளியே போய், புகைக்குழாயில் உள்ள வினையூக்கியில் எரிய வேண்டும் என்பதுதான் திட்டம்.

பம்ப் டீசலில் சின்னதும் பெரியதுமாகப் பலவகை மூலக்கூறுகள் உண்டு. 180 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கி, 360க்குள் ஏறக்குறைய எல்லாமே ஆவியாகிவிடும். பயோடீசலில் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் கொண்ட கொழுப்பமில எஸ்டர்கள்தான். அவை 330 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆகவே தாமதமாகத் தெளித்த துளிகள் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டுகின்றன. பிஸ்டன் ரிங் அவற்றைச் சம்ப்புக்கு வழித்துவிடுகிறது. சம்ப்பில் கலந்த சாதா டீசலாவது நெடுஞ்சாலை ஓட்டத்தின் சூட்டில் ஓரளவு ஆவியாகி வெளியேறும். பயோடீசல் போகாது. முதலில் ஆயிலை நீர்க்கச் செய்யும், பிறகு காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து அதைப் பிசினாக்கும். புகைக்குழாயிலேயே தனி இன்ஜெக்டர் வைத்த வண்டிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பெங்களூரு போக்குவரத்து இதை இன்னும் மோசமாக்குகிறது. சில்க் போர்டில் ஊர்ந்து நிற்கும் வண்டியின் புகை போதுமான அளவு சூடேறாது. கரி எரிப்பு பாதியில் இருக்கும்போது டிரைவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார். அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முயற்சியிலும் சம்ப்புக்குக் கொஞ்சம் இறங்கும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் வண்டி தாங்கும் கலவையை மார்க்கெட் வண்டி தாங்காமல் போகலாம். ஸ்டிக்கின் மேல் கோட்டை ஆயில் தாண்டிவிட்டால் ஓட்டாதீர்கள், மாற்றுங்கள். 7 சதவீதத்துக்கு மேல் கலப்பவர்கள் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குவது நல்லது.

எவ்வளவு கலக்கலாம் என்பதை வண்டியின் கையேடுதான் சொல்ல வேண்டும். இந்திய டீசல் தரமான ஐ.எஸ். 1460, 7 சதவீதம் வரை பயோடீசலை அனுமதிக்கிறது. 60 லிட்டர் டேங்கில் அது 4.2 லிட்டர். பம்பில் பிடித்த டீசலிலேயே கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பதால், நீங்கள் ஊற்றுவது அதற்கு மேல்தான் கணக்காகும்.

அடுத்த பகை உப்பு, அதாவது சரியாகச் செய்யாத பயோடீசலில் சோப்பாக மிஞ்சும் சோடியம். பயோடீசல் செய்யும் வினை எளிமையானது: ஓர் எண்ணெய் மூலக்கூறோடு மூன்று மெத்தனால் சேர்ந்து மூன்று எஸ்டரும் ஒரு கிளிசரினும் ஆகின்றன. வினையை ஓட்டுவது காஸ்டிக் சோடா. பஜ்ஜிக் கடையில் பலமுறை காய்ந்த எண்ணெயில் கொழுப்பமிலம் தனியாகப் பிரிந்து நிற்கும். அது காஸ்டிக்கைத் தின்று சோப்பாகிவிடும். அதனால்தான் அளந்து பார்க்காமல் தொடங்கக் கூடாது. 1 கிராம் காஸ்டிக்கை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி விட்டு, காஸ்டிக் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு நிலைத்து நிற்க எத்தனை மி.லி. ஆனதோ, லிட்டருக்கு அத்தனை கிராம் கூடுதல் காஸ்டிக் வேண்டும். புது எண்ணெய்க்கே லிட்டருக்கு 3.5 கிராம் தேவை. ஆக, 3 மி.லி. ஆனால் 6.5 கிராம், 10 லிட்டருக்கு 65 கிராம் காஸ்டிக், 2 லிட்டர் மெத்தனால். அளவு 6 மி.லி. தாண்டினால் அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள், தயிர் மாதிரி சோப்புதான் மிஞ்சும். பெங்களூரு சாலையோரப் புங்க மரங்களின் கொட்டை எண்ணெயிலும் பெரும்பாலும் இதே சிக்கல். முதலில் கந்தக அமிலத்தோடு ஒரு சுற்று வினை நடத்திய பிறகே காஸ்டிக் போட முடியும்.

எண்ணெயில் ஈரம் இருக்கக் கூடாது. சூடான வாணலியில் ஒரு சொட்டு விட்டால் பொரியக் கூடாது. கலவையை 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, ஆவியும் தோலில் படும் திரவமும் கண்பார்வையைப் பறிக்கும். அடுப்பு நெருப்பு வேண்டாம், மூடிய பாத்திரம் வேண்டும், அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது: காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியிடும். ஓரிரவு வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதை வெதுவெதுப்பான நீரில் மூன்று நான்கு முறை மெதுவாகக் கழுவி, ஈரம் போக உலர்த்த வேண்டும்.

கழுவாமல் விட்டால் என்ன ஆகும்? 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) சோப்பு மிஞ்சினால் அதில் சோடியம் மட்டும் சுமார் 75 பி.பி.எம். பயோடீசலுக்கான தரம் ஐ.எஸ். 15607 அனுமதிப்பது சோடியமும் பொட்டாசியமும் சேர்த்து 5. அந்த எரிபொருளில் 1000 லிட்டர் ஓட்டினால் சுமார் 66 கிராம் சோடியம் வண்டிக்குள் போகிறது. அது டி.பி.எஃப்பில் சாம்பலாகத் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது, டி.பி.எஃப் அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு, பயோடீசலில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். அதோடு இன்ஜெக்டர் ஊசியின் இடைவெளி சில மைக்ரான்தான், அழுத்தமோ 1600 பாருக்கு மேல். மிஞ்சிய கிளிசரினும் நீரும் அங்கே உட்கார்ந்தால் ஊசி ஒட்டும், துருப்பிடிக்கும்.

வீட்டில் செய்ததானாலும் கடையில் வாங்கியதானாலும் ஒரு சோதனை போதும் ஏமாற்றைப் பிடிக்க: 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். தெளிவாகக் கரைந்தால் நல்லது. அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை, அல்லது கனிம எண்ணெய் கலந்திருக்கிறார்கள். விற்பவரிடம் அந்த பேட்சுக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லை என்பவரிடம் வாங்காதீர்கள்.

பாமாயிலில் செய்த பயோடீசல் 13 முதல் 16 டிகிரிக்குள் கலங்கத் தொடங்கும். மார்கழி விடியலில் பெங்களூரு அந்த அளவுக்கு இறங்குகிறது, மார்க்கெட் வண்டி கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். பி100, அதாவது டீசல் கலக்காத பயோடீசல், ஊற்றியவரின் ஃபில்டரில் மெழுகு அடைத்து, வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நிற்கும். குறைந்த கலவையில் இந்தப் பயம் இல்லை. டேங்க் பழையதென்றால் வேறொரு வேலை நடக்கும்: பயோடீசல் நல்ல கரைப்பான், அடியில் ஆண்டுக்கணக்காக ஒட்டிய அழுக்கைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். முதல் இரண்டு டேங்குக்கு ஒரு ஃபில்டரைக் கூடவே வைத்திருங்கள். ஏற்றத்தில் இழுவை குறைந்தால் முதலில் அதை மாற்றுங்கள், நீர் வடிப்பானையும் வாரம் ஒருமுறை திறந்து விடுங்கள்.

வீட்டில் செய்தது பொருந்தும் இடம், டி.பி.எஃப்பும் காமன் ரெயிலும் (உயர் அழுத்த எரிபொருள் அமைப்பு) இல்லாத பழைய பம்ப் இன்ஜின், ஜெனரேட்டர், நீரிறைக்கும் செட். அவற்றிலும் நைட்ரைல் ரப்பர் குழாய் ஊறி வீங்கும்; ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வைட்டான் ரப்பர் குழாய் கேட்டு வாங்கி முதலிலேயே மாற்றிவிடுங்கள். செம்பு, பித்தளை பட்டால் பயோடீசல் சீக்கிரம் கெடும். மூடிய எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேனில் நிழலில் வைத்து, ஓரிரு மாதத்துக்குள் தீர்க்கும் அளவுக்கே காய்ச்சுங்கள்.